நான் பூசிய சீமெந்து

கடுகண்ணாவ ஏற்றத்தில் உள்ள ஒரு சிறிய புகையிரத நிலையத்தின் முன்சுவரைக் கெடுத்தவன் நான். நூறு ஆண்டுக்கு மேலாக மலைநாட்டு மழையைத் தாங்கி நின்ற சுவர் அது. அதைக் காப்பாற்றுவதற்கென்று திரண்ட தொண்டர் குழுவுக்கு நானே அமைப்பாளர். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அங்கே கடமையாற்றுகிறவர்கள் மேலும் எங்களுக்கு அனுமதி தந்தவர்கள் மேலும் கேள்வி திரும்பும். அவர்கள் எங்களை நம்பினார்கள். நம்பியது அவர்கள் குற்றமில்லை.

நான் கண்டியில் பல காலம் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். பழையதை மதிக்க வேண்டும் என்று வகுப்புக்கு வகுப்பு சொன்னவன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. எனக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் வேலை தெரிந்தவர். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். நடந்தபடியே சொல்கிறேன்.

அந்தப் பாதையின் மேல் எனக்கு இருந்த பற்று பொய்யல்ல. 1858 ஆகஸ்ட் 3 ஆம் திகதி ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கிய வேலை, 1867 இல் கண்டி வந்து சேர்ந்தது. கோப்பியை மாட்டுவண்டியில் கொழும்புக்கு இறக்கிக் களைத்த தோட்டத்துரைமார் கேட்டுப் பெற்ற பாதை அது. அதில் மிகக் கடினமான பகுதி ரம்புக்கனவிலிருந்து கடுகண்ணாவ வரை ஏறும் ஏறத்தாழ 12 மைல். 45 அடி ஓடினால் 1 அடி உயரும் ஏற்றம். ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் கண் கூசும் பள்ளம், நடுநடுவே சுரங்கங்கள். மோல்ஸ்வர்த் என்ற பொறியியலாளரின் பெயரும் ஃபேவியல் என்ற ஒப்பந்தக்காரரின் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. இதே மலையில் கொழும்பு–கண்டி வண்டிப்பாதையை அமைத்த கப்டன் டோசனுக்கு 1832 இல் எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவில் இன்றும் நிற்கிறது. புகையிரதப் பாதைக்காக அந்தப் பாறைகளை உடைத்தவர்கள், காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாட்களும் உள்ளூர்க்காரர்களும். அவர்களில் ஒருவரின் பெயரையும் நான் அறியேன்.

1869 இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பாதை மட்டும் மேலே மேலே போனது: 1874 இல் நாவலப்பிட்டி, 1885 இல் நானுஓயா, 1924 இல் பதுளை. என் பாட்டனார் இந்தப் பாதையில் லைன் கேங் தொழிலாளியாக இருந்தவர். சிலிப்பர் கட்டைக்கு அடியில் கல் இடித்து இறுக்குவது அவர் வேலை. சிறு வயதில் கோச்சியில் போகும்போதெல்லாம் என் தகப்பனார் யன்னல் வழியாகக் கையை நீட்டி, ‘இது உங்க தாத்தா பார்த்த ரோட்டு’ என்பார். அந்தப் பெருமையில் வளர்ந்தவன் நான்.

2014 டிசம்பர் 27 ஆம் திகதி, இலங்கைப் புகையிரதத்தின் 150 ஆவது ஆண்டு நிறைவில், கடுகண்ணாவ நிலையத்தை ஒட்டித் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய என்ஜின்களும் கருவிகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோக முடியாதவை நிலையக் கட்டடங்கள். அவை நின்ற இடத்திலேயே வாழவோ சாகவோ வேண்டும். ரம்புக்கனவுக்கும் கண்டிக்கும் இடையில் உள்ள சிறிய நிலையங்களில் ஒன்றையாவது நாம் பார்த்துக்கொள்ளலாமே என்ற பேச்சு அப்படித்தான் எழுந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், புகையிரத ஊழியர்களின் பிள்ளைகள், பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள், பக்கத்து ஊர் இளைஞர்கள் என்று சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாகக் குழு சேர்ந்தது. வயதையும் பேச்சையும் பார்த்து என்னை அமைப்பாளராக்கினார்கள். நான் மறுக்கவில்லை. விரும்பினேன்.

அந்த நிலையம் சின்னது. பயணிகள் காத்திருக்கும் திறந்த மண்டபம், ஸ்டேஷன் மாஸ்டரின் அறை, சாமான் அறை, அவ்வளவுதான். செங்கல் சுவருக்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு. கூரை விளிம்பில் கூர்கூராக வெட்டிய மரப்பலகை வரிசை. மாஸ்டரின் அறையில், ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் காக்கும் டெப்லட் கருவி. பழைய அட்டை டிக்கட் அடுக்கும் மரத்தட்டு வெறுமையாகச் சுவரில் தொங்கியது. கூரைப் பீலி உடைந்து, மழைநீர் முன்சுவரின் ஒரு மூலையில் வழிந்துகொண்டே இருந்தது. அந்த மூலையில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. பாசி படர்ந்திருந்தது. உண்மையில் அந்தக் கட்டடத்துக்கு இருந்த பெரிய நோய் அந்த உடைந்த பீலி ஒன்றுதான். அதை மாற்றி, உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்பால் ஒட்டி, பாசியை மெதுவாகத் துடைத்திருந்தால் போதும். இன்று எனக்கு இது தெரிகிறது. அன்றே தெரிந்த ஒருவர் எங்களோடு இருந்தார்.

அவரை எல்லோரும் பாஸ் என்று கூப்பிட்டார்கள். கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, சிறு வயதிலேயே மேசன் வேலைக்குப் போனவர். பழைய பங்களாக்கள், கோயில் மதில்கள், தேயிலைத் தொழிற்சாலைகள் என்று சுண்ணாம்பு வேலை செய்த கடைசித் தலைமுறை. எங்கள் குழுவில் கூலி வாங்கி வேலை செய்தவர் அவர் ஒருவர்தான். அதிலும் பாதி நாள் கூலியை வேண்டாம் என்றார். ‘கோச்சி ஸ்டேஷனுக்குத்தானே’ என்பார்.

முதல் வாரங்கள் நன்றாகப் போயின. சிரமதானம் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் பழகிய வேலை. 1958 இல் ஏ.டி. ஆரியரத்ன மாணவர்களை ஒரு பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துப்போய்த் தொடங்கிய சர்வோதய இயக்கம் அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. மண்வெட்டியோடும் சோற்றுப் பார்சலோடும் வந்து, ஒரு பகலில் பாதை வெட்டி, கிணறு இறைத்து, மாலையில் களைப்பும் மகிழ்ச்சியுமாகத் திரும்புவது நம் ஊர்ப் பழக்கம். நாங்களும் புதர் வெட்டினோம், கானைத் தோண்டினோம், ஓடுகளைக் கழுவினோம். என் மனம் நிறைந்திருந்தது.

அந்த நிறைவிலேயே தவறு தொடங்கியது. சிரமதானத்தின் பலம் ஒரு நாளில் முடித்துக் காட்டுவது. பழைய கட்டடத்துக்கு அந்தப் பலம் ஒத்துவராது. எனக்கு முடித்துக் காட்டும் அவசரம் பிடித்தது. திறப்பு விழாவுக்கு ஒரு நாள் குறித்தேன். பிரமுகர்களுக்குச் சொன்னேன். அழைப்பிதழ் அச்சாகியது. சுவரைப் பற்றிப் பாஸிடம் பேசியது அதற்குப் பிறகுதான்.

அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். விரலால் தட்டினார். பிறகு சொன்னார்: ‘சேர், இதுக்குச் சீமெந்து ஆகாது. சுண்ணாம்பு வாங்கி நீத்திப் போடுவோம். கொஞ்ச நாளைக்கு ஊறணும். பீலிய மாத்தி, மழைக்கு முந்தி சுவரக் காய விடணும். அப்புறம் மெல்லிசா மூணு தரம் பூசுவேன். ஒவ்வொண்ணும் காயணும்.’

‘எவ்வளவு நாள் ஆகும், பாஸ்?’

‘அத சுவருதான் சொல்லணும், சேர்.’

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அழைப்பிதழில் நாள் அச்சாகியிருந்தது. ‘சீமெந்து போட்டால்?’ என்று கேட்டேன். ‘ஒரு கிழமையில முடிச்சுடலாம். ஆனா ரெண்டு மழைக்கு மேல நிக்காது. நின்னாலும் உள்ள இருக்கிற கல்லத் தின்னுடும்’ என்றார். மாணவர்களும் மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே, ‘பாஸ், உலகம் முழுக்கச் சீமெந்தில்தானே கட்டுகிறார்கள்’ என்றேன். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ‘நீங்க சொன்னா செய்றேன், சேர்’ என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது சம்மதமில்லை. படித்தவர் என்று தான் மதித்த ஒருவனிடம், கூலிக்கு வந்த மனிதர் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

அவர் சொன்னதன் நியாயத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு போய்விடுகிறது. நீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசியபின், அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்து மறுபடி கல்லாகிறது. அதற்கு வாரங்களும் மாதங்களும் பிடிக்கும். கல்லான பிறகும் அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். நிலத்திலிருந்து செங்கல் வழியாக ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியாக வெளியேறிக் காற்றில் ஆறிவிடும். பழைய கட்டடங்களின் அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் படை பெரும்பாலும் இருக்காது. அவை ஈரத்தைத் தடுத்து வாழவில்லை, வெளியே விட்டு வாழ்ந்தன. சீமெந்துப் பூச்சு அடர்த்தியானது, கடினமானது. அதற்கு மேல் பிளாஸ்டிக் கலந்த வர்ணம் அடித்தால் கேட்கவே வேண்டாம். வியர்த்த உடம்பில் றப்பர் அங்கியை இறுக்கிக் கட்டிய மாதிரி. உள்ளே சிக்கிய நீர் செங்கல்லிலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து பூச்சின் முதுகில் காய்கிறது. உப்பு பளிங்காகப் பெருகும்போது செங்கல்லின் முகத்தை உடைக்கிறது. பாஸ் இதைத்தான் ‘கல்லத் தின்னுடும்’ என்று சொல்லியிருந்தார். மாத்தளை, திகன பக்கத்தில் சுண்ணாம்புக்கல் தோண்டிச் சூளை போட்ட ஊர் நம்முடையது. கடல் கடந்து தேட வேண்டிய பொருளில்லை. பொறுமை மட்டும்தான் தேவைப்பட்டது. அது என்னிடம் இல்லை.

இன்னொரு அழிவையும் நானே செய்தேன். சீமெந்து பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பழைய பூச்சு முழுவதையும், நல்லதாக இருந்த இடங்களையும் சேர்த்து, கொத்தி எடுக்கச் சொன்னேன். அந்தப் பூச்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல காலத்து வர்ணப் படைகள் இருந்தன. ஓர் ஓரத்தைக் கூரிய கத்தியால் சீவிப் பார்த்திருந்தால் அந்த நிலையம் எந்தக் காலத்தில் என்ன நிறத்தில் இருந்தது என்று படித்திருக்கலாம். ஓலைச்சுவடியை எரிப்பவனைப் பற்றி வகுப்பில் கோபமாகப் பேசியவன் நான். என் கண் முன்னால் அந்தப் படைகள் துகளாகி, மண்ணோடு கூட்டி அள்ளப்பட்டு, பள்ளத்தில் கொட்டப்பட்டன. ஒரு துண்டைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. நிறத்தை நானே தேர்ந்தெடுத்தேன். படத்தில் பளிச்சென்று விழும் மஞ்சள்.

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. கண்டியிலிருந்து பலர் வந்தார்கள். நான் நீண்ட நேரம் பேசினேன். ஏற்றத்தில் பாறை உடைத்து மாண்ட பெயர் தெரியாத கூலிகளைப் பற்றிப் பேசினேன். என் பாட்டனாரைப் பற்றிப் பேசினேன். ‘உழைத்தவனின் பெயரை வரலாறு எழுதவில்லை, நாம் எழுதுவோம்’ என்றேன். கைதட்டினார்கள். பாஸ் சாமான் அறைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவரை மேடைக்கு அழைக்க எனக்குத் தோன்றவில்லை. திரை விலக்கிய கல்லில் பிரமுகரின் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. பாஸின் பெயர் இல்லை. கல்லில் பொறிக்க வேண்டிய வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நானே.

அடுத்த மழைக்காலத்தில் மூலையில் குமிழ் விட்டது. பிறகு தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. அதற்கடுத்த மழையில் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பெயர்ந்த பாளத்தின் பின்னால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்தது. பீலியையும் நாங்கள் முழுதாக மாற்றியிருக்கவில்லை. வெளியே தெரியாத பக்கத்தைப் பழையபடியே விட்டிருந்தோம், பணம் வர்ணத்துக்குப் போயிருந்தது.

குழு கூடியது. நன்கொடை தந்த சிலரும் வந்திருந்தார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். கேள்வி என்னை நோக்கி வந்தது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய விடை மிகச் சின்னது: ‘பாஸ் வேண்டாம் என்றார், நான்தான் போடச் சொன்னேன்.’ என் வாயிலிருந்து வந்தது வேறு. ‘கலவையில் மணல் கூடிவிட்டதோ என்னவோ. மேசன் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை’ என்றேன். முதல் வாக்கியம் பொய். இரண்டாவதும் பொய். அவர் கலவை போடும்போது நான் பக்கத்திலேயே நின்றேன்.

பாஸ் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களில் இருவர் அங்கே இருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓர் ஆசிரியன் பொய் சொல்வதை அவர்கள் பார்த்தார்கள். அதற்கு எதிராக வாய் திறக்கவும் முடியாத இடத்தில் அவர்களை நிறுத்தினேன். பாஸுக்குச் செய்த தீங்குக்கு அடுத்து என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

சொல் பரவியது. ‘ஸ்டேஷன் சுவரைக் கெடுத்த மேசன்’ என்று அவருக்குப் பெயர் வந்தது. ஒரு பழைய வீட்டைத் திருத்த அவரை அழைத்திருந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எனக்குத் தெரியவந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. வந்து சண்டை பிடித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மலை சரிந்து வீடுகளோடு மனிதர்களை மூடியது. கண்டி மாவட்டம் பட்ட இழப்பு மிகப் பெரியது. மலைப்பாதை பல இடங்களில் சிதைந்து கோச்சி ஓட்டம் நின்றது. அந்த நாட்களில் குழுவில் ஒருவர் ஆறுதலாக, ‘இனி யாரும் சுவரைப் பற்றிக் கேட்கமாட்டார்கள் சேர், எல்லாம் புயலால் என்று எழுதிவிடலாம்’ என்றார். என் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை நான் உணர்ந்தேன். ஊர் பிணங்களைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது, என் பொய்யை மறைக்க அந்த அழிவு உதவும் என்று ஆறுதல் கொள்ளும் அளவுக்கு நான் போயிருந்தேன். இதற்கு மேல் இறங்க இடமில்லை என்று தெரிந்தது.

பாதைகள் திறந்த பிறகு பாஸின் வீட்டுக்குப் போனேன். அவரும் அவர் குடும்பமும் நலமாக இருந்தார்கள். தேநீர் தந்தார்கள். நான் கூட்டத்தில் சொன்னதை அப்படியே சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: ‘எனக்குத் தெரியும் சேர். எங்கிட்ட வந்து சொல்லி என்னா செய்ய? எவங்ககிட்ட அப்பிடி சொன்னீங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க.’

குழுவைக் கூட்டினேன், பாஸையும் அழைத்தேன், எல்லோர் முன்னாலும் சொன்னேன். நன்கொடை தந்தவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். அமைப்பாளர் பொறுப்பை விட்டேன். ஆனால் வாய்வழிப் பேச்சு எந்த வீட்டுக்கெல்லாம் போனது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் செய்தேன் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். அவசரம் ஒரு காரணம். அதைவிடப் பெரியது, பழமை என்பது படித்தவனின் சொத்து என்ற என் எண்ணம். ஆண்டுகளும் பெயர்களும் எனக்குத் தெரியும், ஆகவே கட்டடமும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சுவரைக் கையால் அறிந்தவரின் அறிவை நான் அறிவாகவே எண்ணவில்லை. அவரை வேலைக்காரர் என்று பார்த்தேன். என் பாட்டனாரை மேடைக்கு மேடை போற்றிக்கொண்டே, அவரைப் போன்ற ஒருவரை, அவரைத் துரைமார் நடத்திய மாதிரியே நடத்தினேன்.

தட்டிக் கேட்க ஆளில்லாததும் எனக்கு வசதியாக இருந்தது. நம் நாட்டின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச்சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்தியவற்றுக்கு இயல்பாகவே காவல் தருகிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்குப் பிந்திய கட்டடத்தைத் தனியாகப் பிரகடனம் செய்தால்தான் பாதுகாப்பு. புகையிரதம் வந்தது அரை நூற்றாண்டு கழித்து. இந்தச் சட்டம் எனக்குத் தெரியும், நானே படிப்பித்திருக்கிறேன். ‘அப்படியென்றால் நம் நிலையத்துக்குத் தடையில்லை’ என்று குழுவில் சொன்னேன். தடையில்லாத இடத்தில்தான் நாமே அதிகம் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு வரலாற்று ஆசிரியன் நினைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் வில்லியம் மொரிஸ் 1877 இலேயே பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பழைய வேலைப்பாட்டைச் சுரண்டி எறிந்தவர்களுக்கு எதிராகத்தான் அதைத் தொடங்கினார். அன்றாடம் பராமரிப்பதே காப்பது என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. நான் சுரண்டியவர்களின் பக்கம் நின்றேன்.

இப்போது பாஸ் முன்னின்று சொல்ல, நாங்கள் செய்கிறோம். பீலியை முதலில் முழுதாக மாற்றினோம். சீமெந்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார்கள். எடுக்கும்போது சில செங்கற்களின் முகம் அதோடு போகிறது. சீமெந்தின் பிடி செங்கல்லின் பலத்தைவிட இறுக்கமானது. அந்தச் செங்கற்கள் இனி வராது. நான் கொட்டிய வர்ணப் படைகளும் வராது. சுவர் காய்வதற்காக ஒரு பகுதி பூசாமலே விடப்பட்டிருக்கிறது. கோச்சியில் போகிறவர்களுக்கு அது அசிங்கமாகத் தெரியும். அது அப்படித் தெரியட்டும் என்று குழு முடிவெடுத்தது. என் பெயர் இருந்த கல்லை எடுத்துவிட்டோம்.

வேல்ஸில் டாலிலின் என்ற சிறிய புகையிரதத்தை 1951 முதல் தொண்டர்கள் ஓட்டுகிறார்கள். உலகில் தொண்டர்கள் கையேற்று நடத்திய முதல் புகையிரதம் அதுதான். அவர்களில் பலர் செய்வது கான் வெட்டுவது, புல் வெட்டுவது, தண்டவாளத்துக்கு அடியில் கல் இடிப்பது. இந்த வருடம் செய்ததையே அடுத்த வருடமும் செய்கிறார்கள். என் பாட்டனார் செய்ததும் அதுதான். திறப்பு விழா இல்லாத வேலை அது. தொண்டர் வேலை என்றால் என்ன என்று என் வீட்டிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருந்தார்.

2025 இல் நாட்டின் நூறு புகையிரத நிலையங்களைத் தனியாரின் துணையோடு புதுப்பிக்கும் திட்டம் தொடங்கியது. புயலுக்குப் பிறகு மலைநாட்டு நிலையங்களுக்கும் நல்ல மனத்தோடு பலர் உதவ வருகிறார்கள். வரவேற்கிறேன். அவர்களிடம் சில விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். திறப்பு நாளைக் குறித்துவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். கையில் உள்ள பணத்தில் ஒரு பங்கை, வருடா வருடம் பீலி துடைக்கவும் கான் வெட்டவும் முதலிலேயே ஒதுக்குங்கள். பழைய பூச்சில் நல்ல பகுதியைத் தொடாதீர்கள். கொத்தத்தான் வேண்டும் என்றால் ஒரு துண்டை எடுத்து, இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் ஒருவர் எங்காவது ஒரு லயத்தில் வேலையில்லாமல் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் பேசும்போது இடைமறிக்காதீர்கள். அவரிடம் இரண்டு இளைஞர்களை விடுங்கள், அந்தக் கைவேலை அவரோடு போய்விடாது. பெயர் பொறிப்பதென்றால் அவர் பெயரை முதலில் பொறியுங்கள்.

கடுகண்ணாவ, பிலிமத்தலாவ, பேராதனை, கம்பளைப் பக்கங்களில், புகையிரத நிலையத்துச் சுவரைக் கெடுத்தவர் என்று ஒரு மேசனைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கலவையில் குறை இருக்கவில்லை. அவர் செய்யக்கூடாது என்று சொன்னதை நான் செய்வித்தேன். உங்கள் வீட்டில் பழைய சுவர் இருந்தால் அவரையே கூப்பிடுங்கள். அவர் எத்தனை நாள் கேட்கிறாரோ அத்தனை நாளையும் கொடுங்கள்.